கலங்கல் தண்ணி

நீருக்கடியில் காமிராவோடு இறங்குபவர் முதலில் பழகிக்கொள்வது புள்ளிகளை ஒழிக்கும் வித்தையை. ஸ்ட்ரோப் என்கிற பிளாஷ் விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் மணல் துகளிலும் மிதவை உயிரிகளிலும் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பும். மீன் நன்றாக விழுந்திருக்கும்; அதைச் சுற்றிலும் அரிசி மாவை ஊதிவிட்டதுபோல வெள்ளைப் பொட்டுகள். தொழிலில் இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர். இதற்காகத்தான் ஸ்ட்ரோபைக் காமிராவின் தலையில் வைக்காமல் நீளக் கைகளில் மாட்டி இருபுறமும் விரித்துவைக்கிறோம். எடுக்கும் பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போவதும் இதற்காகத்தான். அப்படியும் விழுந்த புள்ளிகளைக் கரைக்கு வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழிக்கிறோம். ஒரே ஒரு கடற்குதிரைப் படத்தின் பின்புலத்தைச் சுத்தக் கறுப்பாக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

நிறத்துக்கும் இதே கதை. ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெருமளவு போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். ஆழத்தில் விரலைக் கீறிக்கொண்டால் ரத்தம்கூடப் பச்சையாகத்தான் தெரியும். போன நிறத்தை ஸ்ட்ரோப்தான் திருப்பிக் கொண்டுவருகிறது. பத்திரிகையில் பளிச்சென்று இருக்கும் பவளப்பாறையை அங்கே நீந்தும் யாரும் வெறுங்கண்ணால் அந்த நிறத்தில் பார்ப்பதில்லை. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. இது தொழில். இன்றும் இதில்தான் எனக்கு வாடகை வருகிறது.

சென்னைக் கடலில் இந்தத் தொழில் இன்னும் கடினம். கோவளத்துக்கோ நீலாங்கரைக்கோ நேரே படகில் போய் இறங்கினால், பல நாட்களில் நீட்டிய கையின் விரல்கள் தெரிந்தாலே நல்ல நாள் என்பார்கள். தெளிவு எப்போது வரும் என்பதைச் வானிலைச் செயலியைவிட மீனவக் குப்பத்துப் பெரியவர்கள் சரியாகச் சொல்வார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் வன்னி என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காற்று வாடையா கொண்டலா என்று கேட்டுவிட்டுத்தான் நான் டாங்கில் காற்று நிரப்பக் கொடுப்பேன். ஊரூர் குப்பத்து அண்ணன் ஒருவர் விடியற்காலையில் போனை எடுத்ததும், நான் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்: "இன்னிக்கு வராத தம்பி. கலங்கல் தண்ணி."

அவர் சொல்லும் கலங்கலில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. நான் சைதாப்பேட்டைக்காரன். பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடு. நடந்தால் சில நிமிடத்தில் அடையாறு. ஆற்றின் மேல் இருந்த பழைய மார்மலாங் பாலத்தை 1726-ல் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். அந்தப் பாலம் போய், 1966-ல் வந்ததுதான் இப்போதைய மறைமலை அடிகள் பாலம். உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் மிச்சமிருக்கிறது. இந்தப் பாலத்தின் கீழே போகும் எதுவும் கோட்டூர்புரம் தாண்டி, உடைந்த பாலம் தாண்டி, ஊரூர் குப்பத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் நடுவே கடலில் சேர்கிறது. நான் படம் எடுக்க இறங்கும் கடல் எங்கள் தெருவின் கடைக்கோடி என்று சொல்லலாம். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தது கைவேலையில் வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

படத்தைச் சுத்தம் செய்யும்போது திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். எதை அழிக்கிறோம் என்று அப்போது தெரிந்துவிடும். ஆரம்ப காலத்துப் படங்களில் பெரும்பாலும் மணல், கோபிபாட் என்கிற நுண்ணிய ஓட்டுயிரிகள், ஜெல்லிமீனின் கிழிந்த இழை. நாளாக ஆக வேறு வகைப் பொட்டுகள் கூடின. நீலமும் பச்சையுமாக முறுக்கு இழைகள். ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் வெள்ளையாக இருக்கும் துணுக்குகள். கடலில் தானாக உண்டாகும் பொருளில் நேர்க்கோட்டு விளிம்பு அபூர்வம். இவற்றுக்கு விளிம்பு கத்தரித்ததுபோல் நேராக இருந்தது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரம், சாக்குப்பையின் நார், தங்கூசி வலையின் துண்டு. வாடிக்கையாளருக்குச் சுத்தமான படத்தைக் கொடுத்துவிட்டு, அழித்த புள்ளிகளை மட்டும் தனி அடுக்காகச் சேமிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் அந்த அடுக்கை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன். கடற்குதிரை இல்லை. அது நின்ற இடம் கடற்குதிரை வடிவில் வெறுமையாக இருக்க, சுற்றிலும் அதை நெருக்கிக்கொண்டிருந்தது எல்லாம் தாளில் இருந்தது. என் தொழில் தூக்கிப்போட்டதை வைத்து நான் செய்த முதல் வேலை அதுதான்.

அப்போது அதற்குக் கலை என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை. பிறகுதான் இங்கிலாந்தைச் சேர்ந்த மேண்டி பார்க்கரின் படங்களைப் பார்த்தேன். கடலிலும் கரையிலும் பொறுக்கிய பிளாஸ்டிக்கைக் கறுப்புப் பின்புலத்தில் மிதக்கவிட்டுப் படம் பிடித்தவர் அவர். 'சூப்' என்ற வரிசை அவருடையது. புகைப்படக்காரர் கிறிஸ் ஜோர்டான் 2009-ல் பசிபிக் நடுவிலுள்ள மிட்வே தீவில் எடுத்த படங்களையும் பார்த்தேன். செத்துக் கிடக்கும் அல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிறு திறந்து கிடக்கும். உள்ளே பாட்டில் மூடி, லைட்டர். அந்தப் பொருட்களை ஜோர்டான் இடம் மாற்றி வைக்கவில்லை. கிடந்தபடியே எடுத்தார். அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்ப் பாறைகளில் கெட்டியான கறுப்புச் சேறாக அது ஒதுங்கியது. தொழிலாளர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நானும் காமிராவோடு போனேன். எடுத்த படங்களில் எண்ணெய் பளபளவென்று, வானத்தைக் காட்டிக்கொண்டு, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தலைவலிக்கும் நாற்றம் படத்தில் இல்லை. பிசுபிசுப்பு இல்லை. கையுறையின் விரலிடுக்கில் ஒட்டியது மறுநாளும் போகாத பிடிவாதம் படத்தில் இல்லை.

அந்தக் கையுறையை ஒரு கையால் செய்த தாளில் வைத்து அழுத்தினேன். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை செய்கிற பருத்தித் தாள் அது, நல்ல கனம். கறுப்புக் கைத்தடம் விழுந்தது. நான் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் நடந்தது. கெட்டியான தார் அங்கேயே நிற்க, அதிலிருந்த லேசான எண்ணெய் மட்டும் பிரிந்து தாளின் நாருக்குள் ஊர ஆரம்பித்தது. கைத்தடத்தைச் சுற்றி ஒரு வெளிர்பழுப்பு வளையம். மாதங்கள் போகப் போக அது அகன்றது. வளையத்தின் ஓரத்தில் அவ்வப்போது பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மரத்தின் ஆண்டு வளையங்கள் மாதிரிக் கோடுகள் விழுந்தன. எண்ணெயை வாரியாகிவிட்டது, கடல் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று செய்தி ஓய்ந்த பிறகும் தாளில் அது நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு புகைப்படம் எடுத்த நொடியோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. எனக்கு இந்த வேலையில் பிடிமானம் கிடைத்தது இங்கேதான்.

எண்ணெயைத் தாளில் இழுத்த முன்னோடி நம் நாட்டிலேயே உண்டு. வளைகுடாப் போர் நடந்த 1991-ல் ஓவியர் விவான் சுந்தரம் இயந்திர எண்ணெயும் கரியும் கொண்டு தாளில் ஒரு பெரிய வரிசை செய்தார். எந்த எண்ணெய்க்காகப் போர் நடந்ததோ அந்த எண்ணெயையே தாளில் ஊறவிட்டார். போரைப் பற்றி வரைவதும் போரின் பொருளைக் கொண்டே வரைவதும் ஒன்றல்ல என்பதை அந்த வேலைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

2019 நவம்பர் கடைசியில் பட்டினப்பாக்கம் கரையெங்கும் நுரை பொங்கியது. சுத்திகரிக்காத கழிவுநீரில் இருக்கும் சோப்பும் டிடர்ஜென்ட்டும் மழை வெள்ளத்தோடு கடலுக்கு வந்து, அலையில் அடிபட்டு நுரைத்தன. குழந்தைகள் அதில் விழுந்து புரண்டார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். என் படங்களில் ஒன்று கைக்குக் கை பரவியது. படுக்கையறையில் மாட்ட வேண்டும், பெரிய அளவில் அச்சிட்டுத் தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், விலைகூடப் பேசவில்லை. நான் அந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. ஊரின் கழிவு நுரைத்து வந்ததை நான் காமிராவால் படுக்கையறைக்கு ஏற்ற பொருளாக மாற்றியிருக்கிறேன் என்றால், அந்தக் கருவியோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டது.

சேர்ந்தது சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு. அடுத்த வருடமே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் தாளின் மேல் நேரடியாக வைத்து வெயிலில் காட்டி, ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகத்தை உருவாக்கத் தொடங்கிவிட்டார். பழைய கட்டட வரைபடங்கள் நீலத்தில் வெள்ளைக் கோடாக இருக்குமே, அதே வேதியியல்தான். காமிராவே இல்லாமல் கடற்பொருளைப் படமாக்கும் வழி ஒன்று புகைப்படக் கலையின் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது; அதைத் தொடங்கி வைத்தவர் கடற்பாசி பொறுக்கிய ஒரு பெண்.

செய்முறை எளிது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் ஒரு கரைசல், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒரு கரைசல். இரண்டும் ஜார்ஜ் டவுனில் நைனியப்ப நாயக்கன் தெருக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். சம அளவு கலந்து, மங்கலான மஞ்சள் விளக்கில் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். உலர்ந்தால் வெளிர்பச்சை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அதன் மேல் வலையை விரித்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைப்பேன். சித்திரை வைகாசி உச்சி வெயில் என்றால் சில நிமிடம் போதும். மார்கழியில் நேரம் பிடிக்கும். வெயில் பட்ட இடம் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் பூத்ததுபோல் மாறும்போது எடுத்துவிட வேண்டும். அப்புறம் தண்ணீர். வெயில் படாத இடத்து மருந்து கரைந்து ஓட, வலையின் ஒவ்வொரு முடிச்சும் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகவும் எழும். நல்ல தண்ணீர் வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கும்.

நான் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன், பாலத்துக்குக் கீழ்ப்புறம் மொண்டது. ஒரே வலை, ஒரே தாள், ஒரே வெயில். ஒரு படத்தை மெட்ரோ வாட்டரிலும் இன்னொன்றை ஆற்று நீரிலும் அலசி, ராத்திரி முழுக்க அந்தந்தத் தண்ணீரிலேயே போட்டுவைத்தேன். காலையில் முதல் படம் நீலமாக இருந்தது. இரண்டாவதில் நீலம் வெளிறி, ஓரங்களில் அழுக்கு மஞ்சள் ஏறியிருந்தது. கீழே படிந்த வண்டல் தாளின் நாருக்குள் புகுந்து, முடிச்சுகளின் வெள்ளையைச் சாம்பலாக்கியிருந்தது.

அதைக் கொடியில் காயப்போட்டிருந்தபோது, துணி வாங்க வந்த சலவைக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். ஆற்றங்கரையில் கல்லில் துவைத்த குடும்பம் அவருடையது. "இது நம்ம சொட்டு நீலம் இல்லைங்க சார். அது சோடா உப்புக்கெல்லாம் அசையாது. இது சோப்புத் தண்ணிக்குப் பயப்படுது," என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சயனோடைப்பின் நீலம் பிரஷ்யன் நீலம்; காரத்தன்மை அதற்கு ஆகாது. சோடா உப்புக் கரைசலில் போட்டால் நம் கண் முன்னாலேயே மஞ்சளாகிவிடும். ஆறு அதே வேலையை மெதுவாகச் செய்திருக்கிறது. அப்படி வெளிறிய படத்தை டானின் உள்ள கஷாயத்தில் முக்கினால், மிஞ்சிய இரும்பு டானினோடு சேர்ந்து கருமை ஏறும் என்று புத்தகங்கள் தேயிலையைச் சொல்கின்றன. நான் கடுக்காய் போட்டேன். நம் கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுத்தது இதே சேர்க்கையால்தான். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காயும் ஜார்ஜ் டவுன் கெமிக்கலும் அடையாற்று நீரும் சேர்ந்து கொடுத்த அந்தப் பழுப்புக் கறுப்பு, சைதாப்பேட்டைக்குக் கீழே ஆறு எந்த நிறமோ அந்த நிறம்.

இப்படிச் செய்த வலைப் படங்களை முதலில் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஊரூர் குப்பத்தில், படகுகளுக்கு நடுவே சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டி, ஒரு மாலை மாட்டினேன். அந்தக் குப்பத்துக்குக் கலை புதிதல்ல, பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் இன்னும் பலரும் சேர்ந்து 2015-லிருந்து அங்கே விழா எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்லும் அண்ணன் எல்லாப் படத்தையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான்கீது. ஆனா வலைய மட்டும் மாட்டிக்கிறியே, இன்னா நெனப்பாங்க பாக்குறவங்க? கடல கெடுத்தது மீன்புடிக்கிறவன்னுதான?" என்றார். நான் பதில் சொல்லும் முன் தொடர்ந்தார்: "வலை அறுந்தா எங்களுக்குத்தான் நஷ்டம். பொத்தல்னா உக்காந்து தைப்போம். வேணும்னு எவன் கடல்ல வுட்டுட்டு வருவான்? நீ சைதாப்பேட்டதான? உங்க ஆத்துல இருந்து எங்க வலைக்கு வர்றத மொதல்ல மாட்டு. வலை போட்டா மீனவுட அதான் ஜாஸ்தி வருது."

அவர் கேட்டது நியாயமான கேள்வி, சரியான இடத்திலிருந்து வந்த கேள்வி. கைவிடப்பட்ட வலைகளைப் பேய் வலை என்று சொல்லி உலகமெங்கும் கலைப்படைப்புகள் செய்கிறார்கள். அவற்றில் பலவற்றைப் பார்த்தால் கடலுக்கு எதிரி மீனவர்தான் என்று தோன்றும். ஃபைபர் படகில் கரையோரம் தொழில் செய்பவரையும் அடிமடி இழுக்கும் விசைப்படகையும் ஊரின் சாக்கடையையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். அன்றிலிருந்து அந்த அண்ணனும் இன்னும் சிலரும் வலையில் ஏறும் குப்பையை எனக்காகத் தனியே ஒரு சாக்கில் போட்டுவைக்கிறார்கள். அதைக் கொட்டிப் பிரிப்பதே பெரிய வேலை. பால் கவர், குர்குரே கவர், ஒற்றைச் செருப்பு, மாத்திரை அட்டை, பூமாலையின் நைலான் நூல், கட்சிக்கொடியின் கிழிசல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் போன பொருட்களும் இதில் இருக்கக்கூடும் என்பது என் நம்பிக்கை. அந்த டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. மறுநாள் மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே வெள்ளம் ஓடியது. கரையோரத்தில் இருந்தவர்களின் பாத்திரமும் பாடப்புத்தகமும் ரேஷன் கார்டும் எந்தக் கடலில் எங்கே கிடக்கின்றனவோ. அவர்களில் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆற்றைக் கெடுத்தது அவர்கள்தான் என்பதுபோல் அப்போது பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு இன்றும் ஆறவில்லை. ஆற்றில் விழும் கழிவுநீரில் மாடி வீடுகளின் கழிவறை நீரும் கலந்திருந்தது.

பொருட்களைப் பொறுக்குவதில் எனக்குச் சில விதிகள் உண்டு. புதிதாக இந்தப் பக்கம் வரும் இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். பவளத் துண்டு, கடற்குதிரை, ஆமை ஓடு எதையும், கரையில் செத்து ஒதுங்கியிருந்தாலும், தொடக்கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை அவை. பவளமும் கடற்குதிரையும் 2001-ல் அதில் சேர்ந்தன. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் கலை என்ற பெயரில் அலங்காரச் சங்கும் பவளமும் ஒட்டிய பலகைகளுக்குச் சந்தை உண்டாக்கினால், அந்தச் சந்தைக்காக இன்னொருவர் கடலில் கை வைப்பார். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா வந்தும், 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளிறின. ஆராய்ச்சியாளர்களோடு அனுமதி பெற்று அங்கே இறங்கிப் படம் எடுத்திருக்கிறேன். கடல் சூடேறினால், பவளம் தனக்கு நிறமும் உணவும் கொடுக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். வெள்ளை வெளேரென்று நிற்கும். அதுவும் படத்தில் மிக அழகாக விழும்.

இன்னொரு விதி எபாக்ஸி ரெசின் பற்றியது. கடற்கரைக் குப்பையை ரெசினில் ஊற்றிக் கண்ணாடிபோல உறையவைப்பது இப்போது பரவலாக இருக்கிறது. பார்க்க எடுப்பாக இருக்கும். தூசி ஒட்டாது, நாற்றம் வராது, வாங்குபவருக்கும் வசதி. ரெசினே பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசப் புதிதாக இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக்கை உலகத்தில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மைதாப் பசை காய்ச்சுகிறேன், சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுவதுபோலவே. பூச்சி வராமல் துளி மயில்துத்தம். கனமான பொருளை நூலால் தைத்துவிடுகிறேன். தைக்கும் முடிச்சு வலை தைப்பவரிடம் கற்றது. உப்பு ஊறிய தாள் சென்னையின் ஈரக்காற்றில் எப்போதும் கசியும்; கண்ணாடிச் சட்டத்துக்குள் பூஞ்சை வரும். அதனால் என் படங்களுக்குப் பின்பலகையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை உண்டு. ஒரு கண்காட்சியில் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இரண்டு படங்களை உள்ளே வைக்க மறுத்துவிட்டார்கள். வாசல் தாழ்வாரத்தில் மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

கடலைக் காமிராவால் பார்க்கத் தொடங்கி, பிறகு காமிராவைத் தாண்டிப் போனவர்களில் நம் கரைக்கு மிக அருகே வேலை செய்தவர் ரவி அகர்வால். தில்லிக்காரர், யமுனையைப் பல ஆண்டுகள் படம் எடுத்தவர், நச்சுக் கழிவுகள் பற்றி ஆராயும் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பை நிறுவியவரும் அவரே. புதுச்சேரிக்கு அருகே ஒரு மீனவ கிராமத்தில், ஒரு மீனவ நண்பரோடு பழகி, 2013 முதல் 2015 வரை அவர் செய்த வேலையில் படமும் வீடியோவும் நாட்குறிப்பும் பொருட்களும் சங்கக் கவிதையின் நெய்தல் திணையும் கலந்திருக்கும். நெய்தலைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்த எனக்கு, தமிழ் தெரியாத ஒருவர் அதைக் கடற்கரையில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது சுருக்கென்றது. புகைப்படக்காரர் எம். பழனிக்குமார் வேறு வழியில் போனார். மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு அவரும் நீருக்கடியில் இறங்கிப் படம் எடுத்தார். விரலில் துணி சுற்றி, சாதாரணக் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் அவர்கள். அந்தப் படங்களில் புள்ளிகள் இருக்கின்றன, கலங்கல் இருக்கிறது, அவர் எதையும் துடைக்கவில்லை. அந்தப் பெண்கள் வேலை செய்யும் தண்ணீர் எப்படியோ படமும் அப்படியே. பிறர் உழைப்பை எடுப்பதில் அவருக்கு இருக்கும் நேர்மை எனக்கு எப்போதும் அளவுகோல்.

2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே 1988-லிருந்து ராத்திரி நடை நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்புக்கே அது பேரதிர்ச்சி. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கிப் போராடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை வெளியேறும் கருவியை வலையில் பொருத்தவும் விதி இருக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற ஒன்றை வடிவமைத்தும் கொடுத்திருக்கிறது. வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம், அதற்கு மேலே ஒரு திறப்பு. இறால் கம்பிக்கு நடுவே போய்விடும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். மீனும் அந்த வழியே போய்விடுகிறது என்பது விசைப்படகுக்காரர்களின் குறை. அந்தக் குறையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டீசல் விலை தெரிந்தவர்கள் அவர்கள்.

செத்த ஆமைகளைப் படம் எடுத்தேன். அவற்றை எங்கும் மாட்டவில்லை. அந்த மாதம் எல்லாப் பத்திரிகையிலும் அவை இருந்தன. அதற்குப் பதிலாகப் பழைய இழுவலை ஒன்றை வாங்கி, அகலமான காடாத் துணியில் சயனோடைப் எடுத்தேன். மாடி முழுக்க விரிக்க வேண்டியிருந்தது, தெருப் பிள்ளைகள் ஓரம் பிடித்துக்கொண்டார்கள். அந்த நீலத் துணியில் ஆமை வெளியேறும் திறப்பை அதன் உண்மையான அளவில் வெட்டினேன். வெட்டிய ஓரத்தை இழுவலையின் கயிற்றாலேயே தைத்தேன். ஒரு பள்ளியில் மாட்டியபோது பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: "இவ்ளோதான் சார், இதை வைக்க ஏன் மாட்டேங்குறாங்க?" வகுப்பு முடியும்வரை அதைப் பற்றித்தான் பேசினோம். படகு, கடன், இறால் விலை, அதிகாரிகளின் சோதனை எல்லாம் பேச்சில் வந்தது. வெறும் ஆமைப் படத்துக்கு முன் அந்தப் பேச்சு நடந்திருக்காது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

இந்த வேலைகளை வாங்குகிறவர்கள் குறைவு. வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த நிறம் நிற்குமா? ஆற்று நீரில் அலசியது நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எண்ணெய் வளையம் பெரிதாகும், நீலம் இன்னும் வெளிறும், உப்பு கசியும். தாளின் பின்னால் நீர் எடுத்த இடமும் தேதியும் எழுதித் தருகிறேன். மெட்ரோ வாட்டரில் அலசிய இணைப் படத்தையும் கூடவே கொடுக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒன்றை மட்டும் கேட்பவர்களுக்கு விற்பதில்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். காசிமேட்டில் வலைகளைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்ப்பார்கள், ஓட்டை உடைசலையெல்லாம் எடைக்குப் போடுவார்கள். வெயிலும் அப்போதுதான் உச்சம். சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஒவ்வொரு பாலத்தடியிலும் நீர் எடுத்து, ஒரே வலையை அத்தனை நீரிலும் அலசும் வரிசை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். கோடையில் முகத்துவாரம் மண்ணடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே ஏறாது, கடைசிப் பாலத்தின் நிறம் மாறிவிடும். அதனால் மண்ணடைக்கும் முன் ஒரு முறையும் அடைத்த பின் ஒரு முறையும் எடுக்க வேண்டும். எந்த வாரம் அடைக்கும் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். தெண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.